சுவரைத் தாண்டும் படி

ஜூன் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை. ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் பாசஞ்சர் ரயிலில் பாதிப் பேர் சேறு காய்ந்த கனத்த காலணியோடு உட்கார்ந்திருந்தார்கள். மடியில் முதுகுப்பை, பையின் பக்கவாட்டில் ஃபிளாஸ்க், கையில் மடித்து மடித்து நைந்துபோன வரைபடம். இருக்கைகளுக்கு அடியில் நாய்கள் படுத்துக் கிடந்தன. இவ்வளவு பேர் இருந்தும் பெட்டியில் பேச்சரவம் இல்லை. என் கால் எதிரில் இருந்த முதியவரின் காலில் இடித்துவிட்டது. இடித்தவன் நான், "சாரி" என்றவர் அவர். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரயில்ல யாரும் பேசமாட்டாங்கப்பா. தப்பா நினைக்காதீங்க" என்றாள் மகள். அவள் ஷெஃபீல்டுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது.

டாட்லி சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தது. ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. வெளியே வந்தபோது நகரம் பின்னால் போய்விட்டிருந்தது. பச்சைச் சரிவு, ஆடுகள், மலை மேல் ஏறிப் போகும் கற்சுவர்கள். ஈடேல் என்ற சின்ன நிலையத்தில் காலணிக்காரர்கள் அத்தனை பேரும் இறங்கினோம். ஊரைத் தாண்டியதும் ஒரு மரக்கதவு. பக்கத்துக் கம்பத்தில் 'பொது நடைபாதை' என்று கைகாட்டிப் பலகை. கதவைத் திறந்து, நாங்கள் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றவர் அதே முதியவர்தான். "மார்னிங்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. மழை மதியத்துக்கு மேல்தான் வரும், மேலே காற்று பலமாக இருக்கும், உங்கள் காலணி தாங்குமா, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று, ரயிலில் ஊமையாக இருந்தவர் கால் மணி நேரம் எங்களோடு பேசிக்கொண்டே நடந்தார். எதிரில் வந்த ஒவ்வொருவரும் ஒரு சொல்லாவது சொல்லிவிட்டுத்தான் கடந்தார்கள். ரயிலில் கிடைக்காத பேச்சு பாதையில் ஏன் கிடைக்கிறது? அந்த இரண்டு நாளும் இந்தக் கேள்வியோடுதான் நடந்தேன்.

ஆங்கிலேயர் என்றால் நம் மனதில் ஏற்கெனவே ஒரு சித்திரம் உண்டு. துரை, கோட்டை, கிரிக்கெட், கரடித்தோல் தொப்பி போட்ட அரண்மனைக் காவலர். லண்டனில் ஒரு வாரம் சுற்றியபோது அந்தச் சித்திரத்துக்கு வேண்டியதெல்லாம் கிடைத்தது. ஆனால் இந்த மக்களை நான் பார்த்ததாக நினைப்பது டார்பிஷயரின் இந்தச் சுவர்களுக்கு நடுவில்தான்.

சாந்து பூசாத கற்சுவர்கள் அவை. இரண்டு வரிசையாகக் கல் அடுக்கி, நடுவில் பொடிக்கல் நிரப்பி, இரண்டு வரிசையையும் இணைத்துப் பிடிக்க இடையிடையே நீளக்கல் வைத்து, உச்சியில் கற்களை நெருக்கமாக நிறுத்தி முடிக்கிறார்கள். இடுக்கு வழியே காற்று புகுந்து போகும், சுவர் நிற்கும். கண்ணுக்கு அழகுதான். இவை எழுந்த கதை அழகானதல்ல. 1604க்கும் 1914க்கும் இடையில் நாடாளுமன்றம் 5,200க்கும் அதிகமான அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமான நிலம், ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், அப்படி வேலிக்குள் போயிற்று. ஊருக்குப் பொதுவாக இருந்த மேய்ச்சலும் விறகும் அதோடு போயின. ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைத்தவர் கூலிக்காரர் ஆனார். பண்ணைக் கூலியாக இருந்தபடியே கவிதை எழுதிய ஜான் கிளேர், தன் ஊரின் திறந்த வெளி அடைபட்ட துயரத்தைக் கவிதை கவிதையாக எழுதியும் ஆறவில்லை. இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு வேலியும் கதவும் பார்க்கும்போது 'ஒட்டாத ஜனங்கள்' என்று சொல்லத் தோன்றும். அந்த வேலிகளால் முதலில் அடிபட்டவர்களும் அந்த ஜனங்களே.

அந்தச் சுவரில்தான் படி இருக்கிறது. கட்டும்போதே மூன்று நான்கு நீளக்கற்களைச் சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி வைத்துவிடுகிறார்கள். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கலாம். இன்னொரு வகையும் உண்டு: செங்குத்தாக நட்ட இரண்டு கல்லுக்கு நடுவே ஆள் கால் மட்டும் நுழையும் இடுக்கு. மனிதர் உடம்பை ஒடுக்கிப் போய்விடலாம், மாடு போகாது. பல தலைமுறை தொடைகள் உரசி அந்தக் கற்கள் வழவழத்துக் கிடக்கின்றன. நான் கைவைத்துப் பார்த்தேன். கோயில் நிலைப்படி போல இருந்தது.

நம் கிரயப் பத்திரங்களில் 'மாமூல் வழிநடை பாத்தியம்' என்று ஒரு சொல் வரும். அடுத்தவர் நிலத்தின் வழியே தன் நிலத்துக்குப் போய்வரும் உரிமை. இங்கே அந்தப் பாத்தியம் பக்கத்து நிலக்காரருக்கு மட்டும் உரியதல்ல, யாருக்கும் உரியது. பத்து நாள் முன்பு விமானத்தில் வந்திறங்கிய எனக்கும் உண்டு. நிலம் தனியாருடையது, அதன் மேல் போகும் ஒற்றையடிப் பாதை ஊருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். மறைக்காமல், அனுமதி கேட்காமல், தடையில்லாமல் 20 ஆண்டுகள் மக்கள் ஒரு வழியில் நடந்துவந்தால், அதைப் பொதுவுக்கு விட மனமில்லை என்று நிலக்காரர் காட்டியிருந்தாலொழிய, அது பொதுப்பாதை என்றே சட்டம் கொள்கிறது. வயலின் நடுவே போகும் பாதையை விவசாயி உழலாம். ஆனால் விதைப்புக்காக உழுத 14 நாளுக்குள், ஒரு மீட்டர் அகலத்துக்காவது நடக்கும்படி செய்து தரவேண்டும். மகள் கையில் வைத்திருந்த வரைபடத்தில் ஒவ்வொரு பாதையும் பச்சைக் கோட்டுத் துணுக்குகளாக ஓடியது. 1791இல் ராணுவத் தேவைக்காகத் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் வரைபடம் அது. இன்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவது ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் கல்லூரிப் பிள்ளைகளும்தான்.

பச்சைத் துணுக்கு ஓரிடத்தில் நேராக ஒரு பண்ணை வீட்டின் முற்றத்துக்குள் போயிற்று. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே. நான் நின்றுவிட்டேன். "வாங்கப்பா, இதுதான் பாதை" என்று மகள் கையைப் பிடித்தாள். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களை ஒரு கணம் பார்த்தார், லேசாகத் தலையசைத்தார், பார்வையைப் பாத்திரத்துக்குத் திருப்பிக்கொண்டார். முகம் கொடுக்கவில்லையே என்று முதலில் மனம் சுருங்கியது. பத்தடி போனபின் விளங்கியது. அவர் பார்த்துக்கொண்டே நின்றிருந்தால் அது எனக்கு அவருடைய முற்றமாக இருந்திருக்கும். பார்வையைத் திருப்பியதால் அது பாதையாயிற்று. ரயிலில் முதியவர் ஜன்னல் பக்கம் திரும்பியதும் இதே மரியாதைதான். முழங்கால் இடிக்கும் இடத்தில் இருப்பவருக்குத் தனியாக இருக்க ஓர் இடம் விட்டுக்கொடுக்கிறார்கள். வெளி தாராளமாக இருக்கும் பாதையில் அந்த மறைப்பு தேவைப்படவில்லை. அதனால் பேச்சு வருகிறது.

இந்தப் பாத்தியம் மேலிருந்து இறங்கிய வரம் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கான சாட்சி எங்களுக்கு முன்னால் மலையாக நின்றது.

ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படி வழியே கிண்டர் ஸ்கௌட் மேல் ஏறினோம். 636 மீட்டர் உயரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு முன் இது குன்று. ஆனால் மேலே போனால் உலகமே மாறிவிடுகிறது. மரமில்லாத மேட்டு வெளி, கறுத்து ஊறிய பீட் மண், காற்றில் படிந்து படிந்து எழும் பஞ்சுப்புல். இருபுறமும் தூரத்தில் மான்செஸ்டரும் ஷெஃபீல்டும். நூற்றாண்டுக் கணக்கில் அந்த ஆலைகளின் கந்தகப் புகை இங்கே வந்து படிந்து, நீரைப் பிடித்து வைக்கும் ஸ்பேக்னம் பாசியைக் கொன்றது. மண் வெறுமையாகி அரித்துக்கொண்டு போயிற்று. இப்போது அந்தப் பாசியைக் கொத்துக் கொத்தாக மறுபடி நட்டு வருகிறார்கள். அதே புகையைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளிகளுக்கு வாரத்தில் ஒரு ஞாயிறு கிடைத்தது. மூச்சுவிட இந்த மலைக்கு ஓடிவந்தார்கள். மலையோ டெவன்ஷயர் பிரபு குடும்பத்தின் கௌதாரி வேட்டைக் காடு. ஆண்டில் சில நாட்கள் சுடுவதற்காக ஆண்டு முழுவதும் தடியோடு காவலர்கள் நின்றார்கள்.

1932 ஏப்ரல் 24, ஞாயிறு. மேற்குப் பக்கம் ஹேஃபீல்டு ஊரை ஒட்டிய ஒரு கல்குவாரியில் சில நூறு பேர் கூடினார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். பென்னி ராத்மன் என்ற 20 வயது மான்செஸ்டர்ப் பையன் ஒரு பாறை மேல் ஏறிப் பேசினான். பிறகு எல்லோரும் வில்லியம் கிளஃப் என்ற பள்ளத்தாக்கு வழியே தடைசெய்த மலையில் ஏறினார்கள். காவலர்களோடு கைகலப்பு. ஒரு காவலருக்கு அடிபட்டது. மேலே போய், வேறு பக்கத்திலிருந்து ஏறி வந்தவர்களோடு சேர்ந்து கொண்டாடிவிட்டு, வந்த வழியே இறங்கினார்கள். கீழே போலீஸ் காத்திருந்தது. ஆறு பேரைக் கைது செய்து, ஐந்து பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். இரண்டு முதல் ஆறு மாதம் வரை. ராத்மனுக்கு நான்கு மாதம். நடந்ததற்கு நான்கு மாதம்.

அந்தத் தண்டனைதான் நாட்டைத் தட்டி எழுப்பியது. அதற்கு முன்பும் பல பத்தாண்டுகளாக நடைச் சங்கங்கள் பொறுமையாக மனுப் போட்டு வந்திருந்தன. அவர்களில் பலருக்கு ராத்மன் கும்பலின் வேகம் பிடிக்கவில்லை. இரண்டும் சேர்ந்துதான் காரியம் நடந்தது என்பது என் எண்ணம். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற நடைக்குமான சட்டம் வந்தது. 1951இல் இந்த மலைநாடே முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1965இல், அதே ஏப்ரல் 24 அன்று, ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை தாண்டிப் போகும் 430 கிலோமீட்டர் பென்னைன் பாதையைத் திறந்தார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டு நிலங்களில் பாதையை விட்டு விலகியும் உலாவும் உரிமையைத் தந்தது. 2002இல் எழுபதாம் ஆண்டு விழாவுக்கு அதே குவாரிப் பக்கம் வந்த 11ஆம் டெவன்ஷயர் பிரபு, தன் தாத்தாவின் காலத்தில் நடந்தது தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தார். ராத்மன் அதற்கு மூன்று மாதம் முன்பு, அந்த ஜனவரியில், இறந்துபோயிருந்தார். அந்தச் சொல்லை அவர் காதால் கேட்டிருக்க வேண்டும் என்று மலை விளிம்பில் நின்றபோது நெஞ்சு அடித்துக்கொண்டது.

முடிந்துபோன கதையும் அல்ல இது. விலகி உலாவும் உரிமை இங்கிலாந்து நிலத்தில் சுமார் 8 சதவீதத்துக்குத்தான். தெற்கே டார்ட்மூர் மேட்டில் கூடாரம் போட்டு இரவு தங்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதத்தில்தான் தங்கலாம் என்று முடிந்தது.

மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. ஒரு பாறையின் மறைவில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒதுங்கினோம். பைகள் திறந்தன. ஃபிளாஸ்க்குகள் வெளியே வந்தன. ஆவி பறக்கும் தேநீர், திடமாக, பால் சேர்த்து. முகம் தெரியாத ஒரு பெண், "குடிக்கிறீர்களா?" என்று தன் மூடியில் ஊற்றி நீட்டினார். இந்த மக்களுக்குத் தேநீர் வெறும் பானம் இல்லை. துக்கத்துக்கும் தேநீர், விபத்துக்கும் தேநீர், வீட்டுக்கு வந்த பிளம்பருக்கும் தேநீர். போர்க்காலத்தில் தொடங்கி, 1940 முதல் 1952 வரை அதற்கு ரேஷன் இருந்தது. தொடக்கத்தில் ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். அதையும் அக்கம்பக்கத்தோடு பகிர்ந்து குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

மூடியைக் கையில் வாங்கியபோது எனக்கு வேறொரு நடை நினைவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் நம் திருச்சி, மதுரை, ராமநாதபுரச் சீமைகளிலிருந்து போனவர்கள் இலங்கையின் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள், வெள்ளைக்காரத் துரைமாரின் காப்பித் தோட்டங்களுக்கு. காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காப்பி அழிந்தபின் அதே மலையில் அவர்கள் பிள்ளைகள் கிள்ளிய கொழுந்துதான் இந்த நாட்டின் கோப்பைகளை நிறைத்தது. அவர்கள் நடந்த பாதைக்குப் பாத்தியம் எழுதித் தர யாரும் இல்லை. பிரபுவின் மலையில் ஏறியதற்குச் சிறைக்குப் போன பையன்களுக்கும், அந்தப் பாதையில் விழுந்த நம்மவர்களுக்கும் எஜமானர்கள் ஒரே வர்க்கத்தவர்கள்தான். மகளிடம் இதைச் சொன்னேன். தேநீர் கொடுத்த பெண்ணுக்கு அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் வெகுநேரம் பேசவில்லை. "எங்களுக்குப் பள்ளியில் இதைச் சொல்லித் தரவில்லை" என்றார். பிறகு மூடியை மறுபடி நிரப்பினார்.

மாலையில் கீழே பப்பில் கல்தரையெல்லாம் ஈரக் காலணிகளும் ஈர நாய்களும். கவுன்டரில் வரிசை என்று கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் தனக்கு முன்னால் வந்தவர் யார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். பரிமாறுபவர் என்னைக் கேட்டபோது, பக்கத்தில் இருந்த அம்மாளை நான் கைகாட்ட, அவர் இன்னொருவரைக் கைகாட்டினார். நண்பர்கள் கூட்டத்தில் தன் கோப்பைக்கு மட்டும் யாரும் பணம் கொடுப்பதில்லை. ஒரு சுற்றுக்கு ஒருவர் எல்லோருக்குமாகக் கொடுக்கிறார், அடுத்த சுற்றுக்கு அடுத்தவர். தன் முறை வருவதற்குள் எழுந்து போவது மானக்கேடு.

இரவு தங்கியது ஹேதர்சேஜில் ஒரு வயதான அம்மாள் நடத்தும் சின்ன விடுதியில். என்னை அவர் "டக்" என்று அழைத்தார். வாத்து! டார்பிஷயர்ப் பக்கம் ஆண், பெண், சிறுவர், கிழவர் எல்லோருக்கும் அதுதான் விளி. நம் 'கண்ணு' மாதிரி. வானொலியில் நள்ளிரவு தாண்டி முக்கால் மணிக்கு வாசிக்கும் கடல் வானிலை அறிக்கையைக் கேட்காமல் அவருக்குத் தூக்கம் வராதாம். டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட் என்று ஒவ்வொரு கடற்பகுதியாகப் பெயர் சொல்லி, காற்று, அலை, பார்வைத் தூரம். கடலிலிருந்து வெகுதூரத்தில் இருப்பவர், படகு எதுவும் இல்லாதவர். "அங்கே இருட்டில் யாரோ இருக்கிறார்கள் அல்லவா" என்றார்.

மறுநாள் கிரிண்டில்ஃபோர்டிலிருந்து காட்டு வழியே ஏறி ஈம் என்ற ஊருக்குப் போனோம். நம் காதுக்கு அந்தப் பெயரே ஈமத்தை நினைவூட்டும்; ஊரின் கதையும் அதுதான். 1665இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்குத் துணி மூட்டை வந்தது. அதில் தெள்ளுப்பூச்சியோடு கொள்ளைநோயும் வந்தது என்பது ஊரார் சொல்வது. அடுத்த வேனிலில் சாவு பெருகியபோது, ஊரை விட்டு யாரும் வெளியேறுவதில்லை என்று மக்கள் முடிவு செய்தார்கள். வழிநடத்தியவர்கள் இரண்டு பாதிரியார்கள்: பதவியில் இருந்த இளைஞர் வில்லியம் மாம்பெசன், புதிய சமயச் சட்டத்துக்குப் பணியாததால் பதவி இழந்திருந்த தாமஸ் ஸ்டான்லி. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், ஊருக்காக ஒன்றாக நின்றார்கள். 14 மாதத்தில் 260 பேர் இறந்ததாகக் கணக்கு. எலிசபெத் ஹேன்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தானே இழுத்துச் சென்று புதைத்தாள். ஊர்க்கோடி மேட்டில் வட்டச் சுவருக்குள் அந்த ஏழு கல்லறைகளும் இருக்கின்றன. மாம்பெசனின் மனைவி கேத்தரினும் போனாள். தேவாலயத்து முற்றத்தில் அவள் கல்லறை.

எல்லாரும் தியாகிகள் என்று சொல்ல முடியாது. வசதி இருந்தவர்கள் முன்பே போய்விட்டார்கள். மாம்பெசன் தன் குழந்தைகளை முன்னதாகவே யார்க்ஷயருக்கு அனுப்பியிருந்தார். இதைத் தெரிந்துகொண்டபின் அந்த ஊர் எனக்கு இன்னும் நெருக்கமாயிற்று. பயந்த மனிதர்கள்தான் ஊர் எல்லையைத் தாண்டாமல் இருந்தார்கள்.

ஈமுக்கும் ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவே மேய்ச்சல் வெளியில் அந்த எல்லைக்கல் கிடக்கிறது. தட்டையான பாறை, மேலே ஆறு குழிகள். பக்கத்து ஊரார் இங்கே உணவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு விலகிப் போவார்களாம். ஈம் மக்கள் காசைக் குழியில் ஊற்றிய வினிகருக்குள் போட்டுவிட்டு எடுத்துப் போவார்களாம். நாங்கள் போனபோதும் குழிகளில் காசுகள் கிடந்தன, வருகிறவர்கள் போட்டவை. மகளும் ஒன்று போட்டாள்.

அங்கிருந்து கீழே இறங்கும் பாதை ஒரு வைக்கோல்புல் வயலுக்குள் புகுந்தது. இடுப்புயரப் புல், இடையில் மஞ்சள் பூக்கள். புல்லும் விளைச்சல்தான், மிதித்தால் அறுவை கெடும். அதனால் சுவர்ப் படியில் ஏறி இறங்கியவர்கள் சொல்லாமலே ஒருவர் பின் ஒருவராக ஆனார்கள்: முன்னால் கைத்தடியோடு ஒரு தம்பதி, பிறகு குழந்தையை முதுகில் சுமந்த ஓர் இளைஞர், நாங்கள், எங்களுக்குப் பின் நாயோடு ஒரு சிறுவன். வயலின் ஓரத்தில் அறுவை இயந்திரத்தோடு ஒரு டிராக்டர் காத்து நின்றது. என்ஜினை அணைத்திருந்தார் விவசாயி. சிறுவனும் நாயும் அந்தப் பக்கச் சுவரில் ஏறி இறங்கும்வரை பார்த்தார். எங்களை நோக்கி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.